கண்ணாடி நிறையத் தண்ணீர்

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஒரு நீராவி எஞ்சினைத் துடைக்கிறேன். வார நாட்களில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து மற்றவர்களின் கணக்கில் பிழை பிடிக்கிறேன். இரண்டையும் செய்வது ஒரே ஆள்தான் என்பதை லண்டன் ரெய்னர்ஸ் லேனில் இருக்கும் எங்கள் சொந்தக்காரர்களுக்கு மனைவி இன்னும் முழுமையாகச் சொல்லவில்லை. "அவர் ரெயில்வேக்கு ஏதோ ஆலோசனை சொல்லுறவர்" என்று சொல்லி வைத்திருக்கிறாள்.

எஞ்சின் என்னைவிட மூத்தது. லண்டனின் வடக்கு ஓரங்களில் கரிப் பெட்டிகளை இழுத்துத் திரிந்தது. டீசல் வந்ததும் ஒரு சுரங்கத்துக்கு விற்றார்கள். சுரங்கம் மூடியதும் பழைய இரும்புக் கிடங்கில் மழையில் நின்றது. அங்கிருந்து அதை மீட்டு, வருடக்கணக்காக ஆணி ஆணியாகக் கழற்றிப் பூட்டி ஓட வைத்தவர்கள் எங்கள் ரயில் சங்கத்தின் மூத்தவர்கள். அதன்பிறகு நகரின் விளிம்பில் ஒரு துண்டுத் தண்டவாளத்தில் அது ஞாயிறுதோறும் சில பெட்டிகளை இழுத்துவந்தது. வீரச்செயல்கள் எல்லாம் முடிந்த பிறகு நான் சேர்ந்தேன். துடைப்பதுதான் மிச்சம் இருந்தது.

துடைக்கிறவர் ஒரு பரீட்சையில் தேறினால் ஃபயர்மன் ஆகலாம். ஓட்டுநருக்குப் பக்கத்தில் நின்று கரி போட்டு, கொதிகலனுக்குத் தண்ணீர் விடலாம். அந்த இலையுதிர் காலத்தில் எனக்கு அதில் அவசரம் இருந்தது. பத்து வருடத்துக்கு ஒருமுறை கொதிகலனுக்குக் கொடுக்கும் சான்றிதழ் அந்தப் பருவத்தோடு முடிய இருந்தது. அதன்பிறகு எஞ்சினை முழுதாகக் கழற்றிச் சோதித்துத் திரும்பப் பூட்ட ஏழெட்டு வருடமாவது ஆகும். அதற்குள் எஞ்சின் ஏணியில் என்னை ஏற்றிவிடவே தனியாக ஆள் தேவைப்படும். அந்த எஞ்சினில் நான் ஃபயர்மனாக நிற்பதென்றால் பரீட்சை வைத்த அந்த ஞாயிறே தேற வேண்டும்.

ஓட்டுநர் கிங்ஸ்பரியிலிருந்து வரும் மன்னார்க்காரர். பாதாள ரயில் ஓட்டி ஓய்வுபெற்றவர். தன்னைப்போல் வண்டி ஓட்ட இந்த நாட்டில் வேறு ஆள் இல்லை என்பதை அவரே நமக்கு நினைவூட்டுவார். நான் அவரை அண்ணை என்பேன்.

"ஐசே, சேட்டுக்கு அயர்ண் போட்டுக்கொண்டு கரி அள்ள வந்த முதல் ஆள் நீர்தான்."

"சோதினை எண்டால் நேர்த்தியா வரவேணும் அண்ணை."

"சோதினை உமக்கு. சேட்டுக்கில்லை."

பரீட்சகர் உயரமான ஆங்கிலேயர். எஞ்சின் அறையின் ஒரு மூலையில் ஒதுங்கி நின்றார். பரீட்சை நடக்கும்போது அவர் வாய் திறக்கமாட்டார். வெளியே மேடையில் என் மனைவி, வெளிர்நிறக் கோட்டுடன். இவ்வளவு காலத்தில் அன்றுதான் முதல் தடவையாக வந்திருந்தாள்.

கொதிகலனில் தண்ணீரைக் குறையவிடுவது ஒரு ஃபயர்மன் செய்யக்கூடிய மிகப் பெரிய பிழை. நெருப்பறையின் கூரைக்கு மேல் தண்ணீர் இல்லாமல் போய் அது உருகத் தொடங்கும். புத்தகத்தில் அந்தப் பக்கத்தை நான் சிவப்பில் அடிக்கோடிட்டிருந்தேன். அளவுக்கு மீறி நிரப்பக்கூடாது என்று சொல்லும் பக்கத்தைப் பென்சிலால் கோடிட்டிருந்தேன். வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு, பூட்டினேனா என்று பார்க்கப் பாதி வழியில் திரும்பி வருகிறவன் நான். சிவப்புப் பக்கம்தான் என் பக்கம். வண்டி கிளம்புமுன் கொதிகலனுக்குத் தண்ணீரைத் திறந்துவிட்டேன்.

"ஐசே, தண்ணி காணும், நிப்பாட்டும்," என்றார் அண்ணை.

"கொஞ்சம் கூட இருந்தால் நல்லதுதானே?"

"காணும் எண்டுறன்."

நிறுத்தினேன். புறப்படக் கொடி காட்டுகிறார்களா என்று பார்க்க அவர் வெளியே தலையை நீட்டினார். பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் விட்டேன். மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயில் தண்ணீரின் விளிம்பு மேலேறி மறைந்தே போய்விட்டது. அதை நான் பரீட்சையில் முழுப் புள்ளி என்று எடுத்துக்கொண்டேன்.

விசில் ஊதியது. அண்ணை நீராவியைத் திறந்தார். கொதிகலனில் நீராவிக்கு இடமே இருக்கவில்லை. தண்ணீர் அப்படியே நீராவியோடு கிளம்பி, புகைபோக்கியின் கரியை எல்லாம் வழித்துக்கொண்டு மேலே போய், மேடையில் நின்றவர்கள்மீது கறுப்பாக இறங்கியது. அண்ணை உடனே மூடினார். பிறகு என்னைப் பார்க்காமல் கண்ணாடிக் குழாயைப் பார்த்தார்.

காலையில் நாட்குறிப்பில் "மழை இல்லை" என்று எழுதியிருந்தேன். பின்னர் அதன் பக்கத்தில் "வானத்திலிருந்து" என்று சேர்த்தேன்.

மனைவி எஞ்சினடிக்கு வந்தாள். கோட்டில் புள்ளி புள்ளியாய்க் கரி. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"என்னப்பா, கேத்திலுக்கும் உப்பிடித்தான் விடுறனீங்கள். ரெண்டு பேருக்குத் தேத்தண்ணி போடத் தெருவுக்கே கொதிக்க வைக்கிறது."

"தங்கச்சி," என்றார் அண்ணை, "இதை நீர் காலமையே சொல்லியிருக்கலாம்."

பரீட்சகர் தன் தொப்பியை உதறினார். "உங்கள் பொறுப்பில் எந்தக் கொதிகலனும் வற்றிப்போகாது, அதை நான் பாராட்டாகவே எழுதுகிறேன்," என்றார் ஆங்கிலத்தில். "ஆனால் தேர்ச்சி தர முடியாது."

காரில் ஏறுமுன் மனைவி கோட்டைக் கழற்றி மடித்தாள். பிறகு கேட்டாள்: "அடுத்த சோதினை எப்ப?"

"எஞ்சின் திரும்பி வர ஏழெட்டு வருஷம் செல்லுமாம்."

"நல்லது. அதுக்குள்ளை உங்கடை முழங்கால் ஒப்பரேஷனுக்கும் ஆஸ்பத்திரியாலை கூப்பிட்டிடுவாங்கள்."

அவள் சிரிக்கவில்லை. நான் அழுதுவிடுவேன் என்று நினைத்தாளோ தெரியாது. கையை என் முழங்காலில் வைத்திருந்தாள். அன்று நான் வீட்டுக்கு வரும்வரை எதையும் திரும்பிப்போய்ச் சரிபார்க்கவில்லை.

குளிர்காலத்தில் எஞ்சினைக் கழற்றத் தொடங்கினோம். முதல் வேலை தண்ணீரை வடிப்பது. அது வெகுநேரம் ஓடிற்று. பெரும்பகுதி நான் விட்டதுதான் என்று அண்ணை வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு, நெருப்பறையின் சின்னக் கதவால் உள்ளே நுழைந்து துருவைச் சுரண்ட மெலிந்த ஆள் ஒருவர் வேண்டுமென்றார்கள். நான் கையை உயர்த்தினேன். கைவிளக்கு இரண்டு எடுத்துக்கொண்டு போனேன், ஒன்று அணைந்துவிட்டால் என்று.