பழனியாண்டி கடைந்த சவுக்குக் கிண்ணம்

அக்கரப்பத்தனை பஜாரில் ரிஸ்வி ஹார்ட்வெயார் என்று போர்டு போட்ட கடை என்னுடையது. ஆணி, பெயின்ட், பைப், தகரம் விற்கிறேன். மரத்தைப் பார்த்து மலைத்து நிற்கிற ஆள் நான் இல்லை. பழனியாண்டி அண்ணன் அந்தக் கிண்ணத்தைக் கடைந்த நாள்வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் பக்கத்துத் தோட்டத்தில் கவ்வாத்துக்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். வளர்ந்த தேயிலைச் செடியை இடுப்பளவுக்கு வெட்டி இறக்குகிற வேலை அது. கத்தி கீழிருந்து மேலே ஒரே வீச்சாகப் போக வேண்டும். பட்டை உரியக் கூடாது, நார் கிழியக் கூடாது. கத்தி தீட்டுவதில் மனிதருக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. கையிலிருக்கிற மயிரைச் சிரைத்துப் பார்த்துத் திருப்தியானால்தான் மலைக்குப் போவார்.

போன வருடத்து அடைமழையில் அவர்கள் குடியிருந்த லயத்துக்கு, அந்த வரிசை வீடுகளுக்கு, பின்னால் மலை சரிந்தது. அங்கே ஒரு பெரிய சவுக்கு மரம் நின்றது. அவர் மனைவி மீனம்மா அக்கா துணி காயப்போடுகிற மரம். இறங்கிவந்த மண்ணை அது தாங்கிப் பிடித்துக்கொண்டது. லயத்துச் சனமெல்லாம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிய பிறகுதான் மரம் சாய்ந்து, வீடுகளும் மண்ணுக்குள் போயின. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் ஒரு கரண்டிகூட மிஞ்சவில்லை. கல்யாணப் படம், அம்மிக்கல், பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாம் போயிற்று. தகரக் கொட்டகைக்குக் குடிவந்த மீனம்மா அக்கா யாரைக் கண்டாலும் ஒன்றையே சொல்வார்: "அந்த வீட்ல நாங்க வாழ்ந்தோம்னு காட்டுறதுக்கு ஒண்ணுமில்லங்க."

சாய்ந்த மரத்தைத் துண்டு போட்டு, தேயிலை ஃபெக்டரி அடுப்புக்கென்று லொறியில் ஏற்றினார்கள். பழனியாண்டி அண்ணன் தோட்டத்தை மேற்பார்க்கிற கண்டாக்கையாவிடம் கேட்டு ஒரே ஒரு துண்டை வாங்கி, சாக்கில் கட்டிச் சுமந்துகொண்டு நேராக என் கடைக்கு வந்தார். கடையின் பின்னறையில் சின்னதாக ஒரு மரம் கடைகிற மெஷின் கிடந்தது. நுவரெலியாவில் யாரோ பொழுதுபோக்குக்காக ஓடர் கொடுத்துவிட்டு எடுக்க வராமல் விட்டது. அதில் மீனம்மாவுக்கு ஒரு கிண்ணம் கடையப் போகிறாராம். ஃபோனில் வீடியோ பார்த்திருக்கிறார். பச்சை மரத்தை மெல்லிசாகக் கடைந்தால் வெளிச்சம் அதனூடாக வருமாம். மரத்துக்குள் வெளிச்சமா, உங்களுக்குப் பைத்தியமா என்று கேட்டேன். காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. துண்டு காய்ந்தால் வெடித்துவிடும் என்று தண்ணீர்ப் பீப்பாய்க்குள் அமுக்கி வைத்தார்.

முதலில் வேறு விறகுகளில் பழகினார். மெஷினோடு வந்த குழி உளியை வீட்டுக்குக் கொண்டுபோய், கவ்வாத்துக் கத்தியைப் போலவே விளிம்பைத் தாளாகத் தீட்டிக்கொண்டு வந்தார். எனக்கும் மயிரைச் சிரைத்துக் காட்டினார். மெஷினைப் போட்டு உளியை வைத்ததுதான் தாமதம், உளி மரத்தில் குத்தி இறங்க, துண்டு பிய்த்துக்கொண்டு பறந்து என் பெயின்ட் டின்களைச் சாய்த்தது. கூர் போதவில்லை என்று இன்னும் தீட்டினார். அடுத்த துண்டு கண்ணாடி அலுமாரிக்குப் போனது. என் கடையில் நானே ஹெல்மெட் போட்டுக்கொண்டு நிற்க வேண்டுமா என்று கத்தினேன்.

அடுத்த ஞாயிறு அவர் மெஷினைப் போடவில்லை. மரத்தைக் கையால் சுற்றி, உளி எங்கே தொடுகிறது, எங்கே கவ்வுகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்துபோய் அந்த மெல்லிய கூரைக் கல்லில் தேய்த்து அழித்துவிட்டு, விளிம்புக்குப் பின்னால் தடித்த சரிவு இருக்கும்படி புதிதாகத் தீட்டினார். முதலில் அந்தச் சரிவு சுழல்கிற மரத்தில் உட்கார்ந்து உரசியது. பிடியை மெல்லத் தூக்கியதும் விளிம்பு தானாகச் சீவத் தொடங்கியது. மரம் பறக்கவில்லை.

"கவ்வாத்துல வெட்டிட்டு வெளிய வந்துடணும் மொதலாளி," என்றார். "இதுல மரத்தோடயே இருக்கணும்."

சவுக்குத் துண்டை மெஷினில் ஏற்றிய அன்று மீனம்மா அக்காவும் வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார். வெளியே பஜாரே தெரியாத அளவுக்கு மூடுபனி. ஈரச் சீவல்கள் ரிப்பன் ரிப்பனாகப் பழனியாண்டி அண்ணன் தோளில் விழுந்தன. உள்ளேயிருந்து வெளிவந்த மரத்தில் லேஸ் பின்னியது போல வேலைப்பாடு. இத்தனை காலமாக அடுப்பில் வைத்து எரித்த சவுக்குக்குள் இதுவா இருந்தது!

சுழல்கிற கிண்ணத்தைத் தொடாமல் அதன் வெளிப்பக்கம் ஒரு பல்பைக் கட்டினார். உட்புறத்தைக் கடையக் கடைய, முதலில் சிவப்பாக ஒரு மங்கல் தெரிந்தது. பிறகு தேயிலைச் சாயத்தின் நிறம். பிறகு விளிம்போரம் முழுக்கத் தேன் நிறமாகப் பற்றிக்கொண்டது. நிறத்தைப் பார்த்தே மரம் எவ்வளவு தடிப்பு என்று தெரிந்துகொள்கிறாராம். சுப்ஹானல்லாஹ் என்று என்னையறியாமல் சொன்னேன்.

அடிப்பக்கம் மட்டும் இன்னும் தடிப்பாக இருந்தது. அவர் அங்கே உளியைக் கொண்டுபோனார். வெளிச்சம் பரவிவந்த இடத்தில் கறுப்பாக ஒரு கோடு சுழன்றது. சட்டென்று உளியை எடுத்து மெஷினை நிறுத்தினார். ஏதோ கறை, இன்னும் இரண்டு சீவல்தானே, கடையுங்கள் என்று நான் அவசரப்படுத்தினேன். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார்.

"இரும்பு மொதலாளி. உளி பட்டா கிண்ணம் தூளாயிடும்."

கிட்டப் போய்ப் பார்த்தேன். மரத்துக்குள்ளே ஓர் ஆணி. அதைச் சுற்றிக் கருநீலமாகக் கறை படர்ந்திருந்தது. எப்போதோ அடித்த ஆணியை மூடிக்கொண்டு மரம் வளர்ந்திருக்கிறது. நுனி நேராகவும் தலைப்பக்கம் வளைந்தும் நிழலாகத் தெரிந்தது. ஒரு சீவல் கூடப் போயிருந்தால் அந்த ஒரே துண்டும் போயிருக்கும்.

மீனம்மா அக்கா எழுந்து வந்தார். பல்பு வெளிச்சத்தில் அந்த வளைவின் மேல் விரலை வைத்தார்.

"இது என் துணிக்கொடி ஆணிங்க," என்று அண்ணனிடம் சொன்னார். "அந்த வீட்டுக்கு வந்த புதுசுல, அம்மிக் குழவியால நான்தான் அடிச்சேன். கோணிக்கிச்சு. ஒரு ஆணி நேரா அடிக்கத் தெரியலயான்னு அன்னிக்குத் திட்டுனீங்களே."

பழனியாண்டி அண்ணன் உளியைக் கீழே வைத்தார். அதற்கு மேல் அவர் கடையவில்லை.

"நல்லவேளை கோணலா அடிச்ச," என்றார்.