ஆரோக்கியம்மாள் விழுங்கிய வசனங்கள்

குளத்தூரில் இட்லிக்கடை வைத்திருக்கும் ஆரோக்கியம்மாள்தான் மாதா கோயில் பூசையில் பல வருஷமாக பைபிள் வாசகம் வாசிப்பவள். குரல் அப்படி. கடைக்குள்ளிருந்து கூப்பிட்டால் ரோட்டில் பஸ் நிற்கும். ஆனால் கடவுளுக்குக் கோபம் வரும் இடங்களில் மட்டும் அவளுக்கு இருமல் வந்துவிடும். எரிகோவின் மதில் விழும்; உள்ளே இருந்தவர்கள் கதி என்ன என்பதை இருமல் தின்றுவிடும். நோவா காலத்து வெள்ளத்தை அவள் வாயால் கேட்டவர்கள், நல்ல மழை பெய்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போனார்கள்.

பங்குச் சாமியாரான ஃபாதர் வசந்தகுமார் ஒருநாள் இதைக் கண்டுபிடித்துவிட்டார்.

“அந்தக் காலத்து ஜனங்க கடவுளைத் தங்களோட ராஜா மாதிரியே நினைச்சு எழுதிட்டாங்கம்மா. இயேசுங்கிற கண்ணாடியப் போட்டுக்கிட்டு இதையெல்லாம் வாசிக்கணும். விழுங்கக் கூடாது.”

“கண்ணாடி போட்டுத்தான் சாமி வாசிக்கிறேன். அதான் எழுத்து இம்புட்டு நல்லாத் தெரியுது.”

அவளிடம் சொந்தமாக ஒரு விளக்கமும் இருந்தது. “நானுந்தான் எம் மகனை எடுத்ததுக்கெல்லாம் ‘கொன்னுபுடுவேன்’ங்கிறேன். பக்கத்துல ஒருத்தன் ஒக்காந்து எழுதி வச்சா நானும் கொலைகாரிதான். ஆண்டவரு பெத்தவரு சாமி, கோவத்துல வையிறாரு.”

“வையிறதோட விட்டிருந்தாச் சரி. எகிப்துல தலைப்பிள்ளையெல்லாம் செத்து வீட்டுக்கு வீடு எழவு விழுந்துச்சே?”

கேட்ட சாமியாருக்கே அது விளங்காத இடம்தான். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் பூசையில் முழுசாக வாசிப்பதாக ஆரோக்கியம்மாள் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தாள்.

அன்றைக்கு மருமகள் பிளெஸ்ஸி வருவாள் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. போன ஆடியில் தலைச்சன் பிள்ளையைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்ததிலிருந்து பிளெஸ்ஸி கோயில் வாசலை மிதித்ததில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம் ‘ஆண்டவர் எடுத்துக்கிட்டார்’ என்று சொல்லிவிட்டுப் போனதுதான் காரணம். யாரும் கெஞ்சாமலே இன்று வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். இப்போது எழுந்து போனால் இனித் திரும்பி வரமாட்டாள் என்பது மாமியாருக்குத் தெரியும்.

வாசகமோ எகிப்தின் தலைப்பிள்ளைகளைப் பற்றியது. இருமலாம் என்றால் சாமியார் பார்த்துக்கொண்டிருக்கிறார். தலைப்பிள்ளை அத்தனையையும் சாகடிப்பேன் என்று கடவுள் சொல்லும் இடத்துக்கு வந்ததும் விரலை அந்த வரியில் வைத்தபடி நின்றுவிட்டாள். இந்தத் தடவை இருமலும் வரவில்லை.

வாசிப்பவர் கொஞ்சம் நிறுத்தினால் வாசகம் முடிந்துவிட்டது, நன்றி சொல்ல வேண்டியதுதான் என்று ஜனங்களுக்கு ஒரு கணக்கு. அரைத்தூக்கத்தில் இருந்த கோயில் முழுவதும் ஒரே குரலில், “இறைவா, உமக்கு நன்றி” என்றது.

ஆரோக்கியம்மாளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. முன்னால் மைக் இருப்பதே மறந்துபோனது.

“எதுக்குங்கய்யா நன்றி? புள்ளைக சாகுறதுக்கா? எனக்கே இது வெளங்காம நிக்கிறேன். இன்னும் முடியல, இருங்க.”

பிளெஸ்ஸி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அழுகையோடு சிரிப்பும் வந்துகொண்டிருந்தது அவளுக்கு. அந்தக் கேள்வியை இத்தனை நாளாக அவள் மட்டும் தனியாகத் தூக்கிச் சுமந்திருந்தாள்.

சாமியார் மேலே வாசிக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். ஆரோக்கியம்மாள் அவரைப் பார்க்கவில்லை, கடைசி வரிசையைப் பார்த்தாள்.

“வாசிங்க அத்தே,” என்றாள் பிளெஸ்ஸி. “கேக்குறேன்.”