அப்பா பார்க்காத பத்து மணிப் பூ

“பள்ளிக்கூடம் போனவ நட்டா மட்டும் இந்தக் கல்லுமண்ணுல செடி வந்துருமா?” என்று கேட்டார் அத்தை. அப்பாவின் அக்கா, அடுத்த வீடு. எங்கள் வாசலைப் பற்றிச் சொல்ல அவரிடம் எப்போதும் ஏதாவது இருக்கும். அன்று என் கையில் ஒரு பிடி பத்து மணிப் பூத் துண்டுகள். மலாக்காவின் காஜா பெராங்கில், மலாய் பேசும் மலாக்காச் செட்டி வீட்டுத் தோழி ஒருத்தி, தன் பூச்சட்டிகளிலிருந்து நிறத்துக்கு ஒன்றாகக் கிள்ளித் தந்தவை.

எங்கள் வாசல் சிவப்பு மண். மழை அடித்தால் கரைந்து சாக்கடைக்குள் ஓடிவிடும். மறுநாள் அப்பா அதை மண்வெட்டியால் அள்ளித் திரும்பக் கொட்டுவார். சாலை போடும் வேலை செய்பவர், வீட்டிலும் மண் அள்ளிச் சலித்துப்போய், வாசல் முழுக்கச் சிமெண்டு பூசுவது என்று முடிவு செய்திருந்தார். மூட்டைகள் வந்து பலகை மேல் அடுக்கியாயிற்று. மெர்டேக்கா என்னும் சுதந்திர நாள் விடுமுறையில் கொத்தனார் வருவதாகப் பேச்சு.

அந்த வாசலை நான் கேட்டேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போனவள் நான் ஒருத்திதான். ஆஸ்பத்திரியிலும் அரசாங்கக் காரியாலயத்திலும் பேச என்னைக் கூட்டிப் போவார்கள். வீட்டுக் காரியத்தில் மட்டும் என் சொல் எடுபட்டதில்லை. இந்த ஒன்றிலாவது எடுபட வேண்டும் என்றிருந்தது எனக்கு.

“தரையோட படர்ற செடிப்பா. மண்ணைப் பிடிச்சுக்கும்.”

“கொத்தனாரு வர்ற அன்னிக்கு மண்ணு நின்னா பாக்கலாம். ஓடிச்சுன்னா சிமெண்டுதான்,” என்றார் அப்பா.

நட்டேன். தண்டு கொழகொழத்து அழுகியது. மறுபடி வாங்கி வந்து நட்டேன். அதுவும் அழுகியது.

“அழுகுன கீரை மாதிரி இருக்கு. புளி ஊத்திக் கடைஞ்சிடு,” என்றார் அத்தை.

ஆனால் கை தவறி விழுந்த ஒரு துண்டு, சாக்கடை ஓரத்து உடைசெங்கல் குவியலில் தானாக வேர் பிடித்துப் பூத்திருந்தது. மெல்லிய காகிதம் போல் கருஞ்சிவப்பு இதழ்கள். அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து யோசித்தேன். வெயிலும் மழையும் இரண்டு இடத்துக்கும் ஒன்றுதான். செங்கல் இடுக்கில் தண்ணீர் தங்காது. அம்மாவின் வாளியும் அங்கே எட்டாது.

விடிகாலையில் அம்மா சாணம் கரைத்த தண்ணீரை வாசல் முழுக்கத் தெளிப்பார். அதன் பிறகுதான் கோலம். மகள் நட்ட செடியாயிற்றே என்று, அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் தாராளம். இலையிலேயே நீரைச் சேர்த்து வைத்திருக்கும் செடி அதை எப்படித் தாங்கும்? அம்மாவிடம் சொன்னேன்.

“வாசல் தெளிக்காம வுட்டா வீடு வெளங்குமாடி?”

“தெளிக்க வேணாம்னு யாரும்மா சொன்னா? இனிமே நான் தெளிக்கிறேன்.”

அப்படித்தான் செய்தேன். கோலம் விழும் நடு இடத்துக்கு மட்டும் தண்ணீர். இரு பக்கமும் மண்ணைக் கிளறி, அப்பாவின் வேலையிடத்தில் வீணாய்க் கிடந்த மணலையும் பொடிக்கல்லையும் கேட்டு வாங்கிக் கலந்து மேடு கட்டினேன். துண்டுகளை உடனே நடாமல், கிள்ளிய வாய் காயும்வரை நிழலில் போட்டு வைத்தேன். நட்ட பிறகு தண்ணீர் காட்டவே இல்லை. மலாக்காவில் பெய்யும் மழையே அதற்கு அதிகம். செடி பிடித்தது. நுனியைக் கிள்ளக் கிள்ளப் பக்கத்தில் கிளைத்தது. கிள்ளியதையும் நட்டேன். மேட்டில் மண்ணே தெரியாமல் பாய் விரித்தது.

ஆனால் பத்து மணிப் பூ வெயில் ஏறிய பிறகு விரியும், பிற்பகலில் சுருங்கிவிடும். அப்பா இருட்டோடு கிளம்பிப் பொழுது சாய வருகிறவர். ஞாயிற்றுக்கிழமையும் வேலை.

“பூ பூவுன்னியே, எங்க?” என்பார்.

“தலைக்கும் ஆவாது, சாமிக்கும் ஆவாது. பெத்த அப்பனுக்குக் காட்டக்கூட ஆவல!” என்பார் அத்தை.

நான் விடுமுறை நாளுக்குத்தான் காத்திருந்தேன்.

முந்தின நாள் மழை கொட்டியது. மெர்டேக்கா காலையில் வெயில் வந்துவிட்டது. அணிவகுப்புப் பார்க்கப் பண்டார் ஹிலிர் பக்கம் கூட்டம் கூட்டமாக ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறிய பிறகு அளவு நூலோடு வந்த கொத்தனார் எங்கள் வாசலில் ஒரு காலைத் தூக்கியபடி நின்றார்.

“எங்கண்ணே கால வெக்கிறது?”

அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வெளியே வந்தார். நடுவில் கோலம் போக, மஞ்சள், வெள்ளை, ரோஸ், கருஞ்சிவப்பு என்று வாசலின் இரண்டு பக்கமும் பூ விரிந்து கிடந்தது. அவர் முதலில் பார்த்தது பூவை அல்ல, சாக்கடையை. குனிந்து எட்டிப் பார்த்தார். உள்ளே சிவப்பு மண் இல்லை. அப்புறம்தான் திரும்பினார்.

“இதெல்லாம் எப்ப பூத்துச்சு?”

“தெனமும் பூக்குதுப்பா. நீங்க வேலைக்குப் போன பெறகு.”

கொத்தனாரிடம், “பின்பக்கம் அடுப்படியில போட்டுருங்க தம்பி. வாசலு பாப்பா சொன்னபடி இருக்கட்டும்,” என்றார்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அத்தையின் குரல் வந்தது. “எனக்கும் ரெண்டு கிள்ளிக் குடு. தெனமும் நல்லா தண்ணி ஊத்திப் பாத்துக்குறேன்.”

“ஐயோ, ஊத்தாதீங்க அத்தை!”

இப்போது நான் செமாபோக் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளியில் பாடம் சொல்லித்தருகிறேன். பள்ளியின் முன்சரிவு மழைக்குக் கரைகிறது. அங்கேயும் சிமெண்டுப் பேச்சு எழுந்திருக்கிறது. முந்தாநாள் வீட்டு வாசலில் கிள்ளிய துண்டுகளை நிழலில் காயப்போட்டேன். இன்று காலை மணி அடிப்பதற்கு முன்பே சரிவின் மேல் ஓரத்தில் நட்டு முடித்து, கையைக் கழுவிக்கொண்டு வகுப்புக்குப் போனேன்.