நிரோஷனின் ஐசி

1. முதல் நாள்

வெள்ளவத்தையில் ஒரு வைன் ஸ்டோர்ஸில் கவுண்டருக்குப் போன முதல் நாள் முதலாளி எனக்குச் சொல்லித்தந்த தொழில் இவ்வளவுதான்.

“முகத்தைப் பாக்காத, ஐசியைப் பார். இருபத்தொண்டுக்குக் கீழ எண்டால் மந்திரியின்ர மோனெண்டாலும் குடுக்காத. எக்சைஸ்காரன் பிடிச்சா லைசன்ஸ் போயிடும்.”

பதினெட்டில் வோட்டுப் போடலாம், கலியாணம் கட்டலாம். பியர் வாங்க மட்டும் அடையாள அட்டையில் இருபத்தொன்று காட்ட வேண்டும். இந்தச் சட்டத்தை எழுதிய பெரிய மனிதர்கள் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரமாவது என் கவுண்டரின் கம்பிவலைக்குப் பின்னால் நின்று பார்த்திருக்க வேண்டும். நான் திருப்பியனுப்பிய பொடியன்களில் ஒருவனும் வீட்டுக்குப் போனதில்லை. எதிர்ப்பக்கத்து பஸ் ஹோல்ட்டில் கூடி நின்று, தங்களுக்கு வாங்கித்தர இருபத்தொன்று ஆன ஒருவனைத் தேடுவார்கள்.

2. பிறந்தநாள்

பக்கத்து ஒழுங்கையில், பல்கலைக்கழகம் போக எழுதும் ஏ.எல். சோதனைக்கு ஒரு டியூஷன் வகுப்பு. அங்கே நிரோஷன் தேர்ட் ஷை, மூன்றாம் தடவை சோதனை எடுக்கிறவன். கூடப் படித்த பத்தொன்பது வயதுப் பொடியன்கள் அவனைத் ‘தாத்தா’ என்று நக்கலடிப்பார்கள். பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் தனியாக ரோல்ஸ் சாப்பிட்டுவிட்டுத் தனியாகப் போவான்.

ஒருநாள் அதே பொடியன்கள் அவன் தோளில் கை போட்டுக் கூட்டிவந்து ஹோல்ட்டில் நின்றுகொண்டார்கள். அவன் மட்டும் ரோட்டைக் கடந்து வந்து ஐசியை நீட்டினான். அன்றைக்குத்தான் இருபத்தொன்று.

நான் முதலாளியைப் பார்த்தேன். “வாங்கிறவனுக்கு வயசு சரிதானே? ரோட்டுக்கு அங்கால நடக்கிறது எங்களுக்கென்ன?” என்றார்.

ரயில் பாதைக்கு அப்பால் கடற்கரைக் கல்லுகளில் குந்தியிருந்து கேக் வெட்டினார்களாம். மறுநாள் முகமெல்லாம் வீங்கி வந்து நின்றான்.

“சத்தி எடுத்தே செத்துப்போனன் அண்ணை. ஆனா என்ர பேர்த்டேக்கு ஃப்ரெண்ட்ஸ் வந்தது இதுதான் முதல் தரம்.”

அதற்குப் பிறகு வாராவாரம் அவன்தான் வாங்கினான். கையிலிருந்த புத்தகங்கள் குறைந்து, ஒரு கொப்பியாகி, கடைசியில் போத்தல் பை மட்டும் மிஞ்சியது. அந்த முறை சோதனைக்கும் அவன் போகவில்லை.

3. மற்றவர்களின் பிறந்தநாட்கள்

மற்றப் பொடியன்களுக்கும் ஒவ்வொருவராக இருபத்தொன்று ஆனது. சொந்த ஐசியோடு ஆரவாரமாக வந்தார்கள். யாரும் நிரோஷனைக் கூட்டிவரவில்லை. சிலர் கம்பஸ் போனார்கள், சிலர் வெளிநாடு. அவன் தனியாக வந்து கால் போத்தல் கேட்டான். போத்தலை எடுத்தபடி சொன்னேன்.

“தம்பி, அவங்கள் உன்னோட வரேல்ல. உன்ர ஐசியோட வந்தவங்கள்.”

“தெரியும் அண்ணை,” என்றான். “எதோட எண்டாலும் வந்தவங்கள்தானே.”

போத்தலைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தேன்.

4. கடைசி வாரம்

நான் வேலையை விட்டு நிற்கப்போகும் வாரம் அவன் மறுபடி வந்தான். முப்பது தாண்டியிருக்கும், முன்னந்தலையில் முடி கொட்டி வெளித்துவிட்டது. ஆனால் முகத்தில் பழைய அந்தச் சிரிப்பு. முழுப் போத்தலும் ஒரு கட்டு பிளாஸ்டிக் கப்பும் கேட்டான். ஹோல்ட்டில் புதிய பொடியன்கள் நின்றார்கள், மீசை சரியாக அரும்பாதவர்கள்.

“நிரோ அண்ணே, சோடாவும்!” என்று ஒருவன் கத்தினான்.

இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்கள் என்னிடம் என்ன கவனிக்க வேண்டும் என்று கேட்பதுண்டு. ஐசியைப் பாருங்கள் என்பேன். சட்டத்துக்கு அது போதும். நான் ஒருநாளும் சட்டம் மீறி விற்றதில்லை, எங்கள் கடைக்கு ஒரு வழக்கும் இல்லை. அந்தப் பெருமையை வைத்து நாக்குக்கூட வழிக்க முடியாது.

அன்றைக்கு நான் அவனிடம் ஐசி கேட்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்து யார் வயது கேட்பார்கள்? அவனாகவே, பொடியன்கள் பார்க்கும்படி, ஐசியை எடுத்துக் கவுண்டரில் வைத்தான்.