ஒன்பதில் வைத்த கேமரா

என் அம்மா ஓடவில்லை. அவள் ஓடினாள் என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் நம்பியதற்குக் காரணம் என் மாமா, அம்மாவோடு கூடப் பிறந்த தம்பி. உண்மை அவருக்குத் தெரியும். தெரிந்தே இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருக்கிறார். சுற்றிவளைத்துப் பேச எனக்கு வராது, அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

என் புதுநன்மை நாளை நினைத்தால் பெட்ரோமாக்ஸ் விளக்கின் இரைச்சலும் மண்ணெண்ணெய் வாடையும்தான் முதலில் வருகின்றன. காலையில் கடலூரில் எங்கள் பங்குக் கோயிலில் வெள்ளை கவுன் போட்டுக்கொண்டு முதல் தடவையாக நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்கினேன். சாயங்காலம் பெரியப்பா வீட்டுக் கூடத்தில் கேக் வெட்டுவதாக ஏற்பாடு. கரண்ட் போய்விட்டது. அந்தக் காலத்துக் கடலூரில் அது அதிசயமில்லை, ஆனால் அன்றைக்கு மாமா தன் கேமராவோடு வந்திருந்தார்.

மாமா சிதம்பரத்தில் சின்னதாக ஒரு போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். பரங்கிப்பேட்டைக் கூட்டாளி ஒருவர் வெளிநாட்டிலிருந்து வந்தபோது அவருக்கு ஒரு 'சூப்பர் எட்டு' கேமரா கொண்டுவந்து கொடுத்தார். கையடக்கமான கேமரா, உள்ளே சுண்டுவிரல் நகத்தின் அகலத்துக்கு ஒரு படச்சுருள், அதில் சில நிமிஷப் படம்தான் எடுக்க முடியும். வெயிலில் எடுத்தால் பளிச்சென்று வரும். வீட்டுக்குள் எடுத்தால் வெறும் கரி. அதற்கு மாமா ஒரு வழி வைத்திருந்தார். கேமராவின் பக்கவாட்டில் வேகத்தை மாற்றும் திருகு ஒன்று உண்டு. நொடிக்குப் பதினெட்டுப் படம் எடுக்கிற கேமராவை ஒன்பதில் வைத்துவிட்டால் ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு மடங்கு வெளிச்சம் கிடைக்கும். ஆனால் சுவரில் போட்டுப் பார்க்கும்போது எல்லோரும் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடுவார்கள். அதைச் சரிக்கட்ட, படம் எடுக்கும்போது ஆட்களைப் பாதி வேகத்தில் நடக்கவிடுவார். வேறு ஊரில் யாராவது இப்படிச் செய்தார்களா என்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் செய்தோம்.

"ஒம்போதுல வெச்சிருக்கேன். யாரும் அவசரப்படாதீங்க. மழைக்காலத்துல தெருவுல முட்டித் தண்ணி நிக்குமில்ல, அதுல எப்புடி நடப்பீங்க? அப்புடி நடங்க. சிரிக்கிறதயும் மெதுவா சிரிங்க" என்றார் மாமா.

"மெதுவா சிரிக்கிறதுன்னா எப்புடி மச்சான்?" என்று கேட்டார் பெரியப்பா.

"உங்க வூட்டம்மா வெச்ச கொழம்ப நல்லாருக்குன்னு சொல்லும்போது ஒரு சிரிப்பு சிரிப்பீங்களே மாமா, அது."

பெரியம்மாவுக்கு முகம் சுருங்கியது. மற்றவர்கள் சிரித்தார்கள், அதையும் மெதுவாகச் சிரித்துப் பார்த்தார்கள். வெள்ளத்தில் நடந்து பழகிய ஊர் என்பதால் எங்களுக்கு ஒத்திகை சுலபமாகவே வந்தது. கூடம் முழுக்கப் பெரியவர்களும் பிள்ளைகளும் இல்லாத தண்ணீரில் காலைத் தூக்கித் தூக்கி வைத்தோம். ஒத்திகைக்கு வராத ஒரே ஆள் அம்மா. அவள் அடுப்படியில் இருந்தாள், அவளைக் கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அம்மா சிதம்பரத்தில் நடராஜர் கோயிலை ஒட்டிய வீதியில் பிறந்து வளர்ந்தவள், அப்பாவைக் கட்டிக்கொள்வதற்காக ஞானஸ்நானம் வாங்கியவள். பெரியம்மா அவளைப் பெயர் சொல்லி அழைத்து நான் கேட்டதே இல்லை. 'சிதம்பரத்தா' என்றுதான் சொல்வாள். "செதம்பரத்தா, வெங்காயம் உரிச்சிட்டியா?" என்பாள். அம்மா உரித்துக்கொண்டிருப்பாள்.

கேமரா ஓட ஆரம்பித்ததும் மாமாவுக்கு வெளிச்சம் போதவில்லை. பெட்ரோமாக்ஸ் ஒரு மர ஸ்டூலில் இருந்தது. "கிட்ட கொண்டாங்க. இன்னும் கிட்ட" என்றார். யாரோ ஸ்டூலைக் கேக் மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார்கள். பெரியம்மாவின் கடைக்குட்டி பிலோமினா, நாங்கள் பிலோ என்று கூப்பிடுகிற சின்னப்பிள்ளை, அந்தப் பக்கம்தான் நின்றாள். அப்புறம் மாமா அடுப்படிப் பக்கம் திரும்பி, "அக்கா, பக்கத்து வூட்டு லைட்டயும் கேட்டு வாங்கியா" என்று குரல் கொடுத்தார். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே கூடத்தைக் கடந்து வாசலுக்குப் போனாள். விளக்கு சாய்ந்தது. பிலோவின் இடது கை தோள்வரை வெந்துபோனது.

இந்த இடத்தில்தான் எனக்குக் குழம்புகிறது. அம்மா போனதற்கும் விளக்கு சாய்ந்ததற்கும் நடுவில் எவ்வளவு நேரம்? நான் அங்கேதான் நின்றேன், என் கையில்தான் கேக் கத்தி இருந்தது. ஆனாலும் என் கண்ணை என்னால் நம்ப முடியவில்லை. எல்லோரும் தண்ணீரில் நடப்பதுபோல நகர்ந்துகொண்டிருந்த கூடத்தில் ஒருத்தி சாதாரணமாக நடந்தால் நேரில் பார்க்கிறவர்களுக்கே அவள் ஓடுவதாகத்தான் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்ததோ என்னவோ. பிறகு பார்த்த படம் என் ஞாபகத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது, எது நான் பார்த்தது, எது படம் காட்டியது என்று பிரிக்க முடியவில்லை.

படச்சுருளைக் கழுவ பம்பாய்க்கு அனுப்ப வேண்டும். அது திரும்பி வருவதற்குள் பிலோவின் கையில் கட்டுப் பிரித்துத் தோல் சுருங்கிவிட்டிருந்தது. பெரியப்பா வீட்டுக் கூடத்திலேயே சுவரில் வேட்டி கட்டி மாமா படத்தைப் போட்டார். அரிசிமாவைத் தூவிவிட்டதுபோல் புள்ளி புள்ளியாக இருட்டு, அதற்குள் எங்கள் முகங்கள் மஞ்சளாக. தந்திரம் பலித்துவிட்டது. நாங்கள் எல்லோரும் சாதாரண மனுஷர்கள் மாதிரி நடந்தோம், சாதாரணமாகச் சிரித்தோம். அம்மா மட்டும் அடுப்படியிலிருந்து விருட்டென்று பாய்ந்து வந்து, ஸ்டூலை உரசுகிற மாதிரி கடந்து, வாசல் பக்கம் மறைந்தாள். மறைந்த சூட்டோடு, விளக்கு சாய்ந்த வெளிச்சத்தில், திரை வெள்ளையாக எரிந்து அணைந்தது.

"பாத்துக்குங்க" என்றாள் பெரியம்மா. "இடிச்சித் தள்ளிட்டு ஓடுறா. எம் புள்ள நெருப்புல கெடக்குது, செதம்பரத்தா ஓடுறா."

மெதுவாக நடந்தோமே, அதனால் அல்லவா அவள் வேகமாகத் தெரிகிறாள் என்று அந்தக் கூடத்தில் ஒருத்தருக்குக்கூட உறைக்கவில்லை. திரையில் தங்களைச் சரியாகப் பார்த்தவர்களுக்குத் தாங்கள் எப்படி நடந்தோம் என்பது மறந்துபோயிருந்தது. கணக்குத் தெரிந்த ஆள் ஒருவர்தான். அம்மா அவரைப் பார்த்தாள். அவர் குனிந்து சுருளைத் திருப்பிச் சுற்றிக்கொண்டே, "இருட்டா இருக்குக்கா. ஒண்ணும் சரியா தெரியல" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். விளக்கைக் கிட்டக் கொண்டுவரச் சொன்னது தான்தான் என்று சொல்லவில்லை. ஒன்பதில் வைத்தேன் என்று சொல்லவில்லை. அக்காவை அனுப்பியதே தான் என்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு பெரியப்பா வீட்டு விசேஷம் எல்லாவற்றுக்கும், கல்யாணமோ சீமந்தமோ, படம் எடுத்தது அவர்தான். பெரியம்மா அவருக்கு முதல் பந்தியில் இலை போட்டாள்.

அம்மாவுக்கு அந்த வீட்டில் எந்தப் பிள்ளையையும் தூக்கக் கொடுக்க மாட்டார்கள். அவளும் அந்த வீட்டுக் கூடத்தைக் கடக்கும்போது வேகமாக நடக்கவே மாட்டாள், சுவரோரமாக, பாதி வேகத்தில், யாரோ படம் எடுப்பதுபோல நடப்பாள். அப்பா, "வுடு, அவுங்க கோவத்துல சொல்றாங்க" என்பார். அந்தக் கோபம் அவர் சாகும்வரை தீரவில்லை, பெரியம்மா சாகும்வரையும் தீரவில்லை. இதையெல்லாம்விட என்னை எரியவைப்பது வேறு. அம்மாவே நம்ப ஆரம்பித்துவிட்டாள். "நான் நடந்துதான் போனேன்னு நெனச்சிகினு இருந்தேன். ஓடுனேனாடி?" என்று என்னிடம் கேட்டாள். எனக்கும் தெரியவில்லை.

இப்போது மாமாவின் ஸ்டூடியோ இருந்த இடத்தில் செல்போன் ரிப்பேர் கடை இருக்கிறது. அந்தச் சுருளை இங்கே கழுவுவார் இல்லை, புரொஜெக்டருக்கு பல்பு கிடைப்பதில்லை, பெட்ரோமாக்ஸ் எரிகிற வீடும் இல்லை. கடையைக் காலிசெய்தபோது அத்தை ஒரு தகரப் பெட்டியை, "உங்க வூட்டுப் படமெல்லாம் இதுல கெடக்குது" என்று என்னிடம் கொடுத்தாள். பாண்டிச்சேரியில் ஓரிடத்தில் கொடுத்து அந்தச் சுருளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி வாங்கி, என் செல்போனில் பாதி வேகத்துக்குக் குறைத்துப் பார்த்தேன்.

பெரியப்பா, பெரியம்மா, நான், எல்லோரும் முட்டித் தண்ணீரில் நடந்துகொண்டிருந்தோம். அந்தத் தண்ணீருக்கு நடுவில் என் அம்மா, அடுப்படியிலிருந்து வாசலுக்கு ஒரு பொம்பளை எப்படி நடப்பாளோ அப்படி நடந்து போனாள். அவள் மறைந்த பிறகு பிலோ கேக்கின் கிரீமை விரலால் வழித்து, நக்கி, மறுபடி எட்டுகிறாள். அதற்கு அப்புறம்தான் வெள்ளை. அம்மாவின் முந்தானை ஸ்டூலில் பட்டதா? பிலோவின் முழங்கை பட்டதா? ஸ்டூல் ஆடுகிற ஸ்டூலா? எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தாலும் அந்த மூலையில் புள்ளி புள்ளியாக இருட்டு மட்டும்தான். வேகத்தைக் குறைத்தால் இருட்டு விலகாது என்று தெரிந்துகொண்டேன்.

மாமாவுக்குப் போன் செய்தேன். "பழச எதுக்கும்மா கிளறுற? பதினெட்டுலதான் வெச்சிருந்தேன்னு நெனைக்கிறேன்" என்றார். பதினெட்டில் வைத்திருந்தால் நாங்கள் எல்லோரும் அந்த வேட்டித் திரையில் தண்ணீரில் நடந்திருப்போமே, மாமா?

வரும் தை மாதம் பிலோவின் மகளுக்குக் கல்யாணம். பிலோ நேரில் வந்து கல்யாணப் பத்திரிகை வைத்து, "சித்தி, நீங்க வந்தே ஆவணும்" என்று கூப்பிட்டாள். அம்மா அவளுடைய இடது கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவள் போன பிறகு என்னிடம், "ஓடுனவ எந்த மூஞ்சிய வெச்சிகினு போவேன்?" என்றாள். வரமாட்டாளாம்.

நீங்கள் வருவீர்கள் மாமா. முதல் வரிசையில் உட்காருவீர்கள். கேமராக்காரர்கள் கண் கூசுகிற அளவுக்கு விளக்கு போட்டிருப்பார்கள், மேடையில் மைக் இருக்கும். யார் இடித்தது என்று உங்களிடம் கேட்கவில்லை, அது உங்களுக்கும் தெரியாமல் இருக்கலாம். தெரிந்ததைச் சொல்லுங்கள். கேமராவை எதில் வைத்தீர்கள்? விளக்கைக் கிட்டக் கொண்டுவரச் சொன்னது யார்? அக்காவை வெளியே அனுப்பியது யார்? தைக்கு முன்னால், நான் இதை எழுதுகிற இதே வாரப் பத்திரிகையில் பதில் எழுதுங்கள். எழுத வராது என்றால் அந்த மைக்கைப் பிடித்து, பிலோவுக்கும் சம்பந்தி வீட்டாருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள். அம்மாவை நான் கையைப் பிடித்துக் கூட்டிவந்து உங்களுக்கு எதிரில் உட்காரவைத்திருப்பேன்.