பாக்குவெட்டியோடு போட்ட ஊசி

சில வருடங்களுக்கு முன், மாரி தொடங்கி ஜெயபுரத்து ஒழுங்கைகள் எல்லாம் சேறாகிக் கிடந்த நேரம். என் அக்காவுக்குக் கர்ப்பப்பைக் கழுத்தில் புற்றுநோய். சிகிச்சைக்கு யாழ்ப்பாணம் கூட்டிப் போவதும் வருவதுமாக, அவரின் தங்கையான என் நாட்கள் பஸ்ஸிலேயே கழிந்தன. சங்குப்பிட்டிப் பாலத்தில் கடல்காற்று அடிக்கும்போது மட்டும் அக்கா கண் திறப்பார். "உடம்பு பஸ்ஸில வருகுது, நான் பின்னால நடந்து வாறன்" என்றார் ஒருநாள். எங்கள் சனம் களைப்பைச் சொல்லும் விதமே தனி. கேட்டால் சிரிப்பும் வரும், அழுகையும் வரும்.

அந்த அலைச்சலுக்குள்தான் அக்காவின் மகள் பெரியபிள்ளையானாள். ஆறாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். அத்தானின் தமக்கை, எங்களுக்கு மச்சாள், வந்து துடக்கு, தீட்டு என்று பிள்ளையை அறைக்குள் இருத்தி, தண்ணீர் வார்க்கும் நாள் வரைக்கும் வாசல் தாண்டக்கூடாது என்றுவிட்டார். அதற்கிடையில் பள்ளிக்கூடத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள்: ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு, கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய் வராமல் காக்கும் எச்.பி.வி. தடுப்பூசி போட வருகிறார்களாம்.

"துடக்கோட பிள்ளையை ஆர் வெளியில விடுறது? பிறகு போடலாம்தானே" என்றார் மச்சாள். அதோடு நிற்கவில்லை. "பெரியபிள்ளையான கையோட கர்ப்பப்பைக்கு ஊசியாம். நாளைக்குப் பிள்ளை பிறக்காட்டி ஆர் பதில் சொல்லுறது?"

எனக்குச் சண்டை பிடிக்கத் தென்பில்லை.

பாயில் கிடந்த அக்காதான் வாய் திறந்தார். "பிறகு எண்டுதான் மச்சாள் நானும் இருந்தனான். முப்பத்தைஞ்சு வயசில கிளினிக்குக்கு வந்து சோதியுங்கோ எண்டு மிட்வைஃப் வீடு தேடி வந்து சொன்னவா. வயலில அருவிவெட்டு முடியட்டும் எண்டனான். அது வருசா வருசம் வந்துகொண்டே இருந்தது."

சுவரைப் பிடித்து எழும்பி, குசினிக்குள் போய்ப் பாக்குவெட்டியை எடுத்து வந்தார். துடக்கோடு வெளியே போகிற பிள்ளையின் கையில் இரும்பு இருக்கவேண்டும் என்பது எங்கள் வழக்கம். அதை மகளின் கையில் கொடுத்து, தலையைத் துணியால் மூடி, பள்ளிக்கூடம் போக ஓட்டோவில் ஏற்றினார். அக்காவோடு நானும் ஏறினேன். புறப்படும்போது மச்சாளும் வந்து நெருக்கிக்கொண்டு இருந்தார். அங்கே கேட்க ஒரு கேள்வி இருக்காம்.

ஊசி போட்ட மிஸ்ஸி பிள்ளையின் கையைப் பார்த்தார். "இதென்ன, எனக்கு வெட்டவோ கொண்டு வந்தனீர்?" அந்தக் கிழமையில் பிள்ளை சிரித்தது அப்போதுதான்.

பக்கத்தில் நின்ற டொக்டரிடம் மச்சாள் தன் கேள்வியைக் கேட்டார். டொக்டர் ஆறுதலாகப் பதில் சொன்னார். பிள்ளைப்பேற்றுக்கும் இந்த ஊசிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. உடலுறவால் தொற்றும் வைரஸ் இது. கனபேருக்குத் தானாகவே போய்விடும், சிலருக்கு உள்ளே தங்கி, வருடக்கணக்கில் கிடந்து புற்றுநோயாகும். தொற்றுவதற்கு முதலே போட்டால்தான் ஊசி நன்றாகக் காக்கும். போட்டுக்கொண்டாலும் பிறகு கிளினிக்கில் சோதிக்கத்தான் வேண்டும்.

மச்சாள் குரலைத் தணித்தார். "அப்ப இது பிழையான நடத்தைக்கு வாற வருத்தம் இல்லையோ?"

ஊரில் சிலர் அக்காவுக்குப் பின்னால் முணுமுணுத்த கதை அது.

"இல்லையம்மா. கட்டின ஒருத்தரோட மட்டும் வாழ்ந்தவைக்கும் வரும்."

அக்கா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். திரும்பி வரும்போது மச்சாள், குழியில் ஓட்டோ குலுங்கிய இடமெல்லாம் அக்காவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

சில மாதங்களில் இரண்டாவது ஊசி வந்தது. அக்கா அப்போது உயிரோடு இல்லை. மச்சாள்தான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். படலையில் நின்று, "உனக்கும் முப்பத்தைஞ்சு ஆச்சுது, நீ சோதிக்கக் கிளினிக்குக்குப் போனனியோ?" என்று என்னைக் கேட்டார். 'பிறகு' என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அடுத்த கிளினிக் நாளுக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன்.

இப்போதும் களைத்துப்போய் எதையாவது தள்ளிவைக்க நினைக்கும்போது, சுவரைப் பிடித்து எழும்பிய அக்கா கண்ணுக்குள் வருகிறார். நானும் எப்படியோ எழும்பிவிடுகிறேன்.