வெறுங்கடகம்

வாழைச்சேனை அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோன என் பனையோலைக் கடகம் பஸ்ஸில் திரும்பி வந்தது. கொண்டக்டர் இறக்கிவிட்டுப் போனார். நன்றாகத் துடைத்து, நான் மூடிக் கொண்டுபோன வெள்ளைத் துணியாலேயே வாயைக் கட்டியிருந்தார்கள். அவிழ்த்துப் பார்த்தேன். உள்ளே ஒன்றுமில்லை. ஒரு வெற்றிலைகூட இல்லை. என் அரியதரப் பலகாரம் மட்டும் அவர்கள் வயிற்றுக்குள் போயிற்றாக்கும்!

எங்கள் பக்கத்தில் பலகாரம் கொண்டுபோன கடகத்தை யாரும் வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. ஒன்றும் இல்லாத வீட்டிலும் ஒரு பிடி அரிசியாவது போடுவார்கள். மாப்பிள்ளை கேட்டுப் போன கடகம் வெறுமையாக வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். உங்கள் பெண் வேண்டாம்.

அண்ணன் மகனுக்கு என் மகள் என்பது இரண்டும் தவழ்ந்த காலத்திலேயே பேசி வைத்தது. செட்டிபாளையத்தில் மகளுக்கென்று கட்டிய வீட்டுக்கு ஓடும் போட்டாயிற்று. போன கிழமை அந்தக் கடகம் நிறையப் பலகாரம் அடுக்கி நானே சுமந்து போனேன். அண்ணன் பெண்சாதி, என் மச்சாள், சிரித்துச் சிரித்துத் தேத்தண்ணி தந்தாள். “யோசிச்சுச் சொல்றம்” என்றாள். நான் விசரி, அதை நம்பி வந்தேன்.

கடகம் வந்த அன்று பின்னேரம், மகளின் போனில் அண்ணன் மகன், அந்தப் பொடியனின் வீடியோ. பழைய பொருள்களைப் பற்றிப் பேசி வீடியோ போடுகிறவன் அவன். கையில் என் கடகம்!

“உள்ள ஓலை, வெளிய நார். அடி சதுரம், வாய் வட்டம். பழந்தமிழில கடகம் எண்டா கைவளை. வளையம் மாதிரி இருக்கிற இந்த வாயாலதான் பெட்டிக்கும் அந்தப் பேர் வந்ததெண்டு சொல்றாங்க.”

அழகாகத்தான் சொன்னான். கீழே ஆளாளுக்குப் பாராட்டி எழுதியிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“எல்லாம் அவன்ட அம்மாட வேலை. பேர் எங்கால வந்ததெண்டு தெரிஞ்ச புள்ளைக்கு, வெறுங்கடகம் எண்டா என்னெண்டு தெரியாது. பாவம், அவள் அவனுக்கு ஒண்டும் சொல்லியிருக்க மாட்டாள். போனத் தா மனே, நான் கேக்கிறன்.”

மகள் போனைத் தரவில்லை.

“மச்சானுக்குத் தெரியும்மா. நான் கேட்டிட்டன். மாமி ஒரு சீப்பு வாழைப்பழம் உள்ள வெச்சவவாம். பஸ்ஸில ஏத்தக்குள்ள அத வெளிய எடுத்தது அவர்தானாம்.”